அட்டையை நீட்டுமுன்

(இளைஞர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இணையவழிக் கொடுக்கல் வாங்கல் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். சைவம் வளர்க்கும் மன்றத்திலே காசைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் நினைத்தல் கூடும். கள்ளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். களவு செய்யாதிருத்தல் அறமாயின், களவுக்கு இடங்கொடாதிருத்தலும் அதன் பக்கத்திலே வைத்து எண்ணத்தக்க கடமையாகும்.

சுன்னாகம் சந்தையிலோ மருதனார்மடம் சந்தையிலோ நாம் ஒரு வாழைக்குலை வாங்கினால் விலை பேசுகிறோம், நிறுத்துப் பார்க்கிறோம், காசைக் கொடுக்கிறோம். அத்துடன் வியாபாரம் முடிந்தது. அடுத்த மாதம் அதே வியாபாரி எம் வீட்டுக்குள் வந்து, அலுமாரியைத் திறந்து, இன்னொரு குலையின் விலையைத் தாமே எடுத்துச் செல்வதில்லை. இணையக் கடைகள் சிலவற்றிலோ இதுவே நடக்கிறது. எங்ஙனம் என்பதைப் பார்ப்போம்.

மாணவர் ஒருவர் வேலைக்கு விண்ணப்பம் தயாரிக்க ஓர் இணையத்தளத்தை நாடுகிறார் என வைத்துக்கொள்வோம். “ஏழு நாள் இலவசம்” என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஆயினும் வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்பார்கள். எட்டாம் நாள் முதல் மாதந்தோறும் பணம் அறவிடப்படும் என்பது அடியிலே பொடி எழுத்தில் கிடக்கும். முதல் தடவை வங்கியார் ஓ.ரீ.பி. என்னும் இரகசிய இலக்கத்தை அனுப்பினாலும், சேமித்து வைத்த அட்டையிலிருந்து பின்வரும் மாதங்களில் பணம் எடுக்க அது பெரும்பாலும் வேண்டியதில்லை. முதல் தடவையிலேயே அதனைக் கேளாத வெளிநாட்டுத் தளங்களும் உள. கைத்தொலைபேசியிலிருந்து செயலியை அழித்துவிட்டால் கணக்கும் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். செயலி போகும், சந்தா போகாது.

இது சிறு கடைக்காரரின் சூழ்ச்சி மட்டுமன்று. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 ஆம் ஆண்டு அமேசன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மக்களை அவர்தம் தெளிவான சம்மதமின்றிப் பிரைம் சந்தாவிற் சேர்த்தது, விலகும் வழியைச் சிக்கலாக்கியது என்பன குற்றச்சாட்டுகள். அந்த விலகும் வழிக்கு நிறுவனத்தார் தமக்குள் வைத்திருந்த பெயர் “இலியட்” என்று ஆணைக்குழு கூறிற்று. மிஷன் பாடசாலைகளிற் படித்த எம் போன்றோர்க்கு அப்பெயரின் பொருள் உடனே விளங்கும். ஓமர் பாடிய அந்தப் போர்க்காவியம் எளிதில் முடிவதொன்றன்று! 2025 செப்டெம்பரில் 250 கோடி டொலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

அயல்நாடாகிய இந்தியா 2023 நவம்பரில் இத்தகைய சூழ்ச்சிகளை 13 வகையாகப் பிரித்து, பெயரிட்டு, விலக்கியது. கேளாத பொருளைக் கூடையில் நுழைத்தல், விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுதல், “இன்னும் இரண்டே உள்ளன” என்று பொய் அவசரம் காட்டுதல், சந்தாப் பொறி ஆகியன அவற்றுட் சில. அட்டையிலிருந்து தவணைப் பணம் எடுப்பதற்கு 24 மணித்தியாலம் முன்பே அறிவித்தல் வேண்டும் என்ற விதியும் அங்கே 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உண்டு. வெளிநாட்டுக் கடைக்காரர் எமக்கும் அவ்வாறு அறிவிப்பார் என்று நாம் நம்பியிருக்கலாகாது. எம் கண்ணே எமக்குக் காவல்.

டொலர்க் கணக்கின் ஆபத்தை 2022 ஆம் ஆண்டு எமக்கு நன்கு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. மாதம் 10 டொலர் சந்தா, யாரும் விலையைக் கூட்டாமலே 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாயிற்று. “ரூபாவிற் செலுத்துகிறீர்களா?” என்று சில தளங்கள் கேட்கும்போது எம் மனம் இளகும். ஆனால் அங்கே மாற்று விகிதத்தை வகுப்பது எமது வங்கியன்று. பெரும்பாலும் அவர்களுடைய இலாபமும் அதற்குள் அடங்கியிருக்கும்.

நிற்க. அட்டைக்குரிய கட்டுப்பாடுகள் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கொடுப்பனவை வங்கி மறுத்தால் நாம் சினங்கொள்கிறோம். சில மறுப்புகள் சட்டத்தின்பாற்பட்டவை: கிரிப்ரோ நாணயம் வாங்க எமது அட்டைகளைப் பயன்படுத்தலாகாது என மத்திய வங்கி 2021 இல் அறிவித்தது. வேறு சில, வங்கியிற் பேசித் தீர்க்கத்தக்கவை. அதனைச் செய்யாது, பரீட்சைக் கட்டணம் கட்டித் தருவதாகச் சொல்லும் முன்பின் அறியாதவரிடம் காசைக் கொடுப்பதும், ரொறன்ரோவிலுள்ள மாமாவின் அட்டை இலக்கத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பலருக்கும் அனுப்புவதும் பேராபத்து. கட்டுப்பாட்டை எமக்குத் துணையாகவும் கொள்ளலாம். இணையத்துக்கெனச் சிறு தொகையுள்ள தனிக்கணக்கொன்றும், குறைந்த எல்லையுள்ள அட்டையும் வைத்திருந்தால், போகும் நட்டமும் சிறிதாகும்.

ஆகவே அட்டையை நீட்டுமுன் நான்கு கேள்விகள் கேட்போம். எல்லாம் சேர்ந்த முழுத்தொகை எவ்வளவு? எந்த நாணயத்தில்? மீண்டும் எப்போது எடுப்பார்கள்? விலகும் வழி எங்கே? நான்காவதற்கு விடை கிடைக்காத கடைக்குள் நுழையவே வேண்டாம். நுழைந்தால், நிபந்தனை காட்டும் திரையைப் படம்பிடித்து வைப்போம். இலவச நாள் முடிவதற்கு இரண்டு நாள் முன்னரே விலகி, உறுதிக் கடிதத்தைப் பத்திரப்படுத்துவோம்.

பெரியோர்களே, ஏமாந்ததை வெளியிற் சொன்னால் வெட்கம் என்று மறைத்தல் வேண்டாம். சுணங்காது வங்கிக்கு அறிவித்து, எழுத்தில் முறையிடுங்கள். விசா, மாஸ்டர்காட் அட்டைகளில் தகராறு எழுப்பக் காலவரம்பு உண்டு. வங்கி தீர்க்காவிடில் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

எம் வீடுகளிற் பலவற்றுக்கு வரும் பணம், கடல் கடந்த உறவினர் பனியில் நின்று உழைத்தது. அல்லது இங்கே செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்துப் பெற்றது. அதை ஒரு பொடி எழுத்துக்குப் பலியிடுதல் தகுமா? மாதத்தில் ஒரு நாள் இம்மண்டபத்தில் இளைஞர்கள் அமர்ந்து, விரும்பும் பெரியோர்க்கு அவரவர் வங்கிக் கணக்கறிக்கையை வாசித்து விளக்குவது என்று மன்றம் தீர்மானிக்குமாயின், இன்றைய பேச்சு பயனுடையதாகும். அதனைச் செய்ய நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.