வாங்குவதற்கும் கல்வி வேண்டும்

படை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவர் துப்பாக்கி ஏந்திய வீரரும் விமானியும் கப்பல் தலைவரும் ஆவர். அத்துப்பாக்கியையும் விமானத்தையும் கப்பலையும் விலை பேசி, செய்வித்து, சோதித்து, உரிய காலத்தில் அவர்கள் கையில் சேர்ப்பித்தவர் யார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் அவர் செய்யும் பிழை வீரரின் உயிரைக் கொள்ளக்கூடும். அவர் செய்யும் வீண்செலவு குடிமக்களின் வரிப்பணத்தைக் கொள்ளும். இத்தகையோருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அமெரிக்க ஐக்கிய நாடு எவ்வாறு உணர்ந்தது என்பதை மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் எளிய கொள்முதலைப் பார்ப்போம். 1908 பிப்ரவரியில் அமெரிக்கத் தரைப்படை, ரைட் சகோதரர்களுடன் ஒரு விமானத்துக்கு ஒப்பந்தம் செய்தது. அது இருவரைச் சுமக்க வேண்டும். ஒரு மணி நேரம் இறங்காமல் பறக்க வேண்டும். மணிக்கு 40 மைல் வேகம் செல்ல வேண்டும். விலை 25,000 டாலர். வேகத்தில் ஒரு மைல் கூடினால் 2,500 டாலர் மிகுதி. குறைந்தால் அதே அளவு பிடித்தம். 1909 ஜூலையில் வர்ஜீனியா மாநிலத்தில் நடந்த சோதனையில் வேகம் 42 மைலைத் தாண்டிற்று. சகோதரர்கள் 30,000 டாலர் பெற்றனர். வேண்டுவது இன்னது, அதனை அளக்கும் முறை இன்னது, பயன் இன்னது என்பவை முன்னரே எழுதப்பட்டிருந்தன. நல்ல கொள்முதலின் இலக்கணம் இதுவேயாகும்.

ஆனால் இருவர் கூடி ஒரு விமானத்தைச் செய்த காலம் விரைவில் மறைந்தது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை, நீருக்கடியிலிருந்து செலுத்தும் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்க முற்பட்டது. ஏவுகணை ஓரிடத்திலும், நீர்மூழ்கிக் கப்பல் வேறிடத்திலும், வழிகாட்டும் கருவிகள் மற்றோரிடத்திலும் ஒரே காலத்தில் உருவாக வேண்டியிருந்தது. அட்மிரல் ரேபர்ன் தலைமையில் இயங்கிய அலுவலகம் 1958-ல் ‘பெர்ட்’ என்னும் திட்டமிடும் முறையை வகுத்தது. அதனை உங்கள் பள்ளி ஆண்டுவிழாவைக் கொண்டே விளக்கலாம். மேடை அமைக்க 2 நாள், அழைப்பிதழ் அச்சிட 5 நாள், நாடக ஒத்திகைக்கு 20 நாள் எனக் கொள்ளுங்கள். மேடை ஒரு நாள் தாமதித்தால் ஈடு செய்துவிடலாம். ஒத்திகை ஒரு நாள் தாமதித்தால் விழாவே ஒரு நாள் தள்ளிப்போகும். எந்த வேலையின் தாமதம் முழுத் திட்டத்தையும் தாமதிக்கச் செய்யும் என்று அறிவதே அம்முறையின் உயிர்நிலை. 1960 ஜூலை 20-ஆம் நாள் ‘ஜார்ஜ் வாஷிங்டன்’ என்னும் கப்பல் நீருக்குள் மூழ்கியிருந்தவாறே போலாரிஸை ஏவிற்று.

முறை இருந்தால் மட்டும் போதுமா? அதனைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் முதலில் உணர்ந்த உண்மை, கணிதம் கற்றவர் எல்லோரும் கணிதம் கற்பிக்க வல்லவர் அல்லர் என்பது. அவ்வாறே, விமானம் ஓட்ட வல்லவர் எல்லோரும் விமானம் வாங்க வல்லவர் அல்லர். இதனை உணர்ந்தவர் டேவிட் பேக்கர்டு. நண்பர் ஹியூலெட்டுடன் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் மின்னணுக் கருவித் தொழிலைத் தொடங்கி வளர்த்த அவர், பின்னர்ப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலராகப் பணியாற்றினார். அவருடைய முயற்சியால் 1971-ல் வர்ஜீனியாவின் பெல்வார் கோட்டையில், படைத் தளவாடத் திட்டங்களை நடத்துவோருக்கென்றே ஒரு பள்ளி நிறுவப்பெற்றது. பின்னர் அது கல்லூரியாக உயர்ந்தது.

இத்தகைய பயிற்சியில் கற்பிக்கும் ஒரு பாடத்தை மட்டும் சொல்கிறேன். 10 மைல் சாலையை 10 மாதத்தில் 10 இலட்சம் ரூபாயில் போட வேண்டும். 5 மாதம் கழிந்தது. 5 இலட்சம் செலவாயிற்று. ‘கணக்குச் சரியாக இருக்கிறது’ என்கிறார் ஒருவர். பயிற்சி பெற்றவரோ, ‘எத்தனை மைல் சாலை முடிந்தது?’ என்று கேட்பார். 3 மைல்தான் முடிந்தது என்றால், முடிந்த வேலையின் மதிப்பு 3 இலட்சமே. வேலையும் பின்தங்கியது, செலவும் மிகுந்தது. 1967-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பெரிய ஒப்பந்தங்களுக்கு விதித்த கணக்கு நெறிகளின் கரு இதுவே.

1980-களில் ஒரு செய்தி அந்நாட்டில் நகைப்பையும் சினத்தையும் ஒருங்கே எழுப்பியது. கடற்படை ஒரு சாதாரணச் சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்தது என்பதே அச்செய்தி. பின்னர் ஆராய்ந்தோர் கூறிய விளக்கம் வேறு. சுத்தியலின் விலை 15 டாலர்தான். பல உதிரிப் பொருள்கள் அடங்கிய ஒரே ஒப்பந்தத்தில் பொறியியற் செலவை எல்லாப் பொருள்களுக்கும் சமமாகப் பங்கிட்டபோது, நுட்பமான கருவிக்கு 420 டாலர் ஏறியதுபோலவே சுத்தியலுக்கும் 420 டாலர் ஏறிற்று. மொத்தத் தொகை மாறவில்லை. பங்கீடுதான் பேதைமையாய் இருந்தது. மோசடியையும் மோசமான கணக்கையும் பிரித்தறிய இயலாத அதிகாரி, குற்றமற்றவரைத் தண்டிப்பார், குற்றவாளியைத் தப்பவிடுவார்.

1985-ல் அதிபர் ரீகன் அமைத்த ஆய்வுக்குழுவுக்கும் பேக்கர்டே தலைவரானார். தொழில்துறையோடு ஒப்பிடுகையில், அரசின் கொள்முதல் ஊழியர் பயிற்சியிலும் அனுபவத்திலும் ஊதியத்திலும் குறைந்தவராக இருக்கின்றனர் என்று அக்குழு 1986-ல் கண்டது. 1990-ல் ஒரு சட்டம் பிறந்தது. பெருந்திட்டத்தின் தலைவராவோர்க்குக் கொள்முதற் பணியில் 8 ஆண்டு அனுபவமும் உரிய பயிற்சியும் வேண்டும் என்றும், அவரை ஏறத்தாழ 4 ஆண்டுகளேனும் அப்பணியில் வைத்திருக்க வேண்டும் என்றும் அது விதித்தது. அடிக்கடி தலைமையாசிரியர் மாறும் பள்ளி என்னவாகும் என்பதை அறிந்தவர்களுக்கு, இரண்டாவது விதியின் அருமை விளங்கும். அச்சட்டத்தின் பயனாக, பழைய கல்லூரியையும் பிற பயிற்சிக் கூடங்களையும் இணைத்து, 1992-ல் பாதுகாப்புக் கொள்முதல் பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது.

இதனால் வீண்செலவும் தாமதமும் அடியோடு ஒழிந்தனவா? இல்லை. எஃப்-35 போர்விமானத் திட்டம் 2010-ல் சட்டம் வகுத்த செலவு வரம்பையே மீறிற்று. மருத்துவக் கல்லூரி இருந்தும் நோய் ஒழியவில்லை. அதற்காகக் கல்லூரியை மூடுவார் உண்டோ?

இளைஞர்களே! நீங்கள் படைக்குச் செல்லலாம், செல்லாமலும் இருக்கலாம். ஆனால் உங்களிற் பலர் ஒருநாள் பொதுப்பணத்தைச் செலவிடும் இடத்தில் அமர்வீர்கள். நேர்மை அங்கு இன்றியமையாதது. ஆயினும் நேர்மை மட்டும் போதாது. வேண்டுவதைத் தெளிவாக எழுதவும், முடிந்ததை அளந்து பார்க்கவும், கணக்கின் உள்ளே புகுந்து காணவும் இப்போதே பழகுங்கள். பிறர் பணத்தைச் செலவிடுவோர் கற்றுக்கொண்டு செலவிடுவதே அப்பணத்தைத் தந்தவர்க்குச் செய்யும் மரியாதையாகும்.