கிதாரும் ஃபேசர் பெட்டியும்

சிற்றலை வானொலியில் தொலைதூர நிலையங்களை இரவில் தேடிக் கேட்டவர்கள் ஓர் அனுபவத்தை மறந்திருக்கமாட்டார்கள். பாட்டுத் தெளிவாக வந்துகொண்டிருக்கும். திடீரென்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் உள்வாங்கும். பின்னர் மெல்ல மேலெழும். அதற்குள் குரலின் நிறமே மாறியிருக்கும். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் வெவ்வேறு வழிகளில் நம்மை வந்தடைகின்றன. அவை சேரும்பொழுது சில அதிர்வெண்கள் வலுப்பெறும். சில ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

நமக்குத் தொல்லையாயிருந்த இக்குறையை ஒருவர் இசைக்கு அணியாக்கினார். ஜப்பானியப் பொறியாளர் பூமியோ மியேடா, மாஸ்கோ வானொலி தம் நாட்டில் இவ்வாறு அலைந்து ஒலித்ததே தமக்குத் தூண்டுதல் என்று கூறியிருக்கிறார். 'யூனி-வைப்' என்னும் அவருடைய கருவி 1960களின் இறுதியில் வெளிவந்தது. உள்ளே துடித்தெரியும் ஒரு சிறு விளக்கு. அதன் ஒளியை உணரும் 4 மின்தடைகள். 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிதார் இதன் வழியாகவே ஒலித்தது. 1974இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்து எம்.எக்ஸ்.ஆர். நிறுவனம் 'ஃபேஸ் 90' என்ற ஆரஞ்சு நிறப் பெட்டியைக் கொணர்ந்தது. காலால் மிதித்து இயக்குவது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே ஒரு திருகு.

அத்தகைய பெட்டி ஒன்றை என் பேரன் வாங்கி வந்தான். "விரலால் வராததைக் காலால் வரவழைக்கப் பார்க்கிறாயோ?" என்று கேட்டுவிட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. பெட்டி மேசைக்குள் போயிற்று. கிதாரும் பத்து நாள் உறையைவிட்டு வெளியே வரவில்லை. எதிர்த்துப் பேசும் மாணவனைப் பற்றி ஆசிரியன் அஞ்சவேண்டுவதில்லை. வாய்மூடிப் போகிறவனைப் பற்றித்தான் அஞ்சவேண்டும். பதினோராம் நாள் நானே சென்று, "அது எப்படி வேலை செய்கிறது? எனக்குச் சொல்லிக்கொடு, தம்பி" என்றேன்.

கிதாரிலிருந்து வரும் மின்னலை பெட்டிக்குள் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உள்ளபடியே செல்லும். மற்றொன்று 4 படிகளைக் கடக்கும். இப்படிகள் ஒலியின் வலிமையைக் குறைப்பதில்லை. அதிர்வெண்ணுக்கேற்பக் கட்டத்தை மட்டும் பின்தள்ளுகின்றன. இரண்டும் மீண்டும் சேருமிடத்தில், ஒன்றன் முகடும் மற்றதன் அகடும் எந்த அதிர்வெண்ணில் நேர்படுகின்றனவோ அது அவிந்துபோகும். 4 படிகளுக்கு இத்தகைய பள்ளங்கள் 2. மெல்ல ஆடும் ஓர் அலைவு அப்பள்ளங்களை மேலும் கீழும் நகர்த்துகிறது. ஒலி சுழல்வதுபோல் நம் செவி மயங்குவது அதனாலேதான்.

பேரன் இரண்டு சோதனைகள் செய்துகாட்டினான். முதலில் ஒரு தந்தியின் நடுவிடத்தை விரல்நுனியால் தொட்டு மீட்டினான். குழலோசைபோல் தூய ஒலி. பெட்டியை மிதித்தும் அது சற்றே ஏறி இறங்கியதன்றி வேறொன்றும் நிகழவில்லை. அடுத்து, தந்திகளைத் தாங்கும் குதிரைக்கருகில் ஆறு தந்திகளையும் சேர்த்து மீட்டினான். அடடா! மேற்சுரங்கள் நிறைந்த அவ்வொலியில் வண்ணங்கள் புரண்டோடின. இப்பெட்டி ஏதோ ஒன்றைக் கூட்டுகிறது என்றல்லவா எண்ணியிருந்தேன்? அது கழித்தலையே செய்கிறது. கழிப்பதற்கு வேண்டிய செல்வத்தை விரல்கள்தாம் ஈட்டித் தரவேண்டும். நான் ஏசியது தவறு என்று அவனிடமே ஒப்புக்கொண்டேன்.

ஒலியை முரடாக்கும் பெருக்கிக்கு முன்னே இதனை வைத்தால், பின்வரும் முரட்டுத்தன்மை புதிய மேற்சுரங்களை எழுப்பிப் பள்ளங்களை ஓரளவு தூர்த்துவிடும். சுழற்சி அடங்கிக் கேட்கும். எட்டி வான் ஹேலன் 1978இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் இம்முறையைத்தான் கையாண்டார். பின்னே வைத்தால் சுழற்சி ஓங்கும். எனக்கு முன்னதே பிடிக்கிறது.

ஆயினும் என் முணுமுணுப்பு முற்றும் வீண் என்று கொள்ளவேண்டா. விரைந்த மெட்டுக்கு விரைந்த சுழற்சியையும் வைத்து அவன் வாசித்தபோது, நீர் கொதிப்பது கேட்டதே தவிரப் பாட்டுக் கேட்கவில்லை. ஒரு சுற்று முடியச் சில நொடிகள் ஆகும்படி குறைத்தான். பாட்டின் அடிகள் தெளிந்தன. இப்பொழுது இரவு உணவுக்குப்பின் அவன் வாசிக்க, நான் அருகில் அமர்ந்திருப்பேன். கடிகாரத்தில் 9 மணி காட்டும் இடத்தைத் தாண்டித் திருகு நகர்ந்தால், நான் சற்று இருமுவேன். அவன் சிரித்துக்கொண்டே குறைத்துவிடுவான்.