உணவும் நடையும் குடும்பக் கணக்கும்



தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி, போபால் போன்ற நகரங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களில், மாதம் பிறந்தவுடன் ஒரு கணக்கு எழுதப்படுவது வழக்கம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், மளிகைச் சாமான், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம், கோடை விடுமுறையில் ஊர் சென்று வருவதற்கான இரயில் கட்டணம் என்று அக்கணக்கில் பல இனங்கள் இருக்கும். மருத்துவச் செலவு என்னும் இனத்துக்கு மட்டும் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. நோய் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பது நம் எண்ணம். நோயோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்தபின் எளிதில் போவதுமில்லை. ஆகவே, நோய் வருமுன்னரே அதற்குரிய செலவைக் குறைக்கும் வழி யாது என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

அரசாங்க ஆவணங்களை மொழிபெயர்க்கும் பணியில் இருப்பதால், நிதிநிலை அறிக்கையில் வரும் இரண்டு சொற்கள் எனக்கு நன்கு பழகியவை. ஒன்று வருவாய்ச் செலவு. மற்றொன்று மூலதனச் செலவு. முன்னது செய்த அன்றே தீர்ந்துபோவது. பின்னது, பாலம் கட்டுவது போலவும் அணை கட்டுவது போலவும், பல ஆண்டுகள் பயன் தந்து நிற்பது. நோய்க்கு வாங்கும் மாத்திரை முதல் வகையைச் சேர்ந்தது. கீரைக்கும் பருப்புக்கும் கொடுக்கும் காசும், நாள்தோறும் நடப்பதற்கு ஒதுக்கும் அரைமணி நேரமும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இந்த வேறுபாட்டை உணர்ந்தால் குடும்பக் கணக்கை நாம் எழுதும் முறையே மாறிவிடும்.

நம் நாட்டில் நீரிழிவு எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற பேராய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவுப்படி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள். இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவின் வாயிற்படியில் நிற்பவர்கள். அதாவது அவர்களுடைய இரத்தத்தில் சர்க்கரை வேண்டிய அளவைக் கடந்துவிட்டது, ஆனால் நோய் என்று சொல்லும் அளவை இன்னும் எட்டவில்லை. வாயிற்படியில் நிற்பவர் உள்ளே செல்வதும் உண்டு. திரும்பிப் போவதும் உண்டு. எது நிகழும் என்பது பெரிதும் அவருடைய அன்றாடப் பழக்கத்தைப் பொறுத்தது.

இந்நோய்க்கு ஆகும் செலவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மாத்திரைக்கும் பரிசோதனைக்குமாக ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24,000 ரூபாய். நாற்பத்தைந்து வயதில் நோய் கண்டவர் இருபது ஆண்டுகள் இவ்வாறு செலவிட்டால், விலைவாசி சற்றும் உயராது என்று கொண்டாலும், 4,80,000 ரூபாய் ஆகிவிடும். கண், சிறுநீரகம், இதயம், கால் ஆகியவற்றை நோய் தாக்கினால் ஆகும் செலவு இதில் சேரவில்லை. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து நேரே கொடுக்கும் பங்கு, தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது. இது மகிழத்தக்க மாற்றமே. எனினும் நூறு ரூபாயில் ஏறக்குறைய நாற்பது ரூபாய் அப்போதும் குடும்பத்தின் தலையிலேயே விழுந்தது. காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கூறலாம். காப்பீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை, மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தபின் உதவுபவை. அதற்கு முன் பல ஆண்டுகள் நாள்தோறும் விழுங்கும் மாத்திரைக்குப் பணம் பெரும்பாலும் நம் பையிலிருந்துதான் போகவேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழ்பவர்க்கு இச்செலவு இருமடங்காகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. ஊரில் ஒருவர் நோயுற்றால் துணையிருக்க அண்ணனோ அத்தையோ வருவர். வீட்டுச் சமையலை அடுத்த தெருச் சித்தி பார்த்துக்கொள்வார். இங்கோ மனைவி நோயுற்றால் கணவர் விடுப்பு எடுக்கவேண்டும். கணவர் நோயுற்றால் ஊரிலிருந்து மாமியாரை இரயிலேற்றி வரவழைக்கவேண்டும். மருத்துவரிடம் உடம்பின் உபாதையை அயல்மொழியில் எடுத்துரைக்கும் இடர்ப்பாடு வேறு. இவை எந்தப் பற்றுச்சீட்டிலும் ஏறாத செலவுகள்.

பழக்கத்தை மாற்றினால் நோய் விலகும் என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. அச்சான்றும் சென்னையிலேயே கிடைத்தது. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதில் பங்குகொண்டனர். அவர்கள் அலுவலகங்களில் பணிபுரியும் நடுத்தர வகுப்பினரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். சுருங்கச் சொன்னால், நம்மைப் போன்றவர்கள். அவர்களை நான்கு பிரிவாகப் பிரித்தனர். முதற்பிரிவினர்க்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினர்க்கு உணவிலும் உடலுழைப்பிலும் மாற்றம். மூன்றாம் பிரிவினர்க்கு மெட்பார்மின் என்னும் மாத்திரை. நான்காம் பிரிவினர்க்கு இரண்டும்.

மூன்று ஆண்டுகளில் முதற்பிரிவினருள் 55 சதவீதத்தினர்க்கு நீரிழிவு வந்துவிட்டது. பழக்கத்தை மாற்றிய பிரிவில் அது 39.3 சதவீதம், மாத்திரை உண்ட பிரிவில் 40.5 சதவீதம், இரண்டையும் மேற்கொண்ட பிரிவில் 39.5 சதவீதம். மாத்திரை செய்த வேலையை நடையும் உணவும் செய்துவிட்டன. அவற்றோடு மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் பயன் ஏதும் விளையவில்லை. அவர்கள் செய்ததும் அரிய செயலன்று. சர்க்கரையைத் தவிர்த்தனர்; தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைத்தனர்; நார்ச்சத்துள்ள உணவைச் சேர்த்தனர்; உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தனர். உடல் எடை பெரிதாகக் குறையாதபோதும் பயன் கிட்டியது என்பது நினைவில் வைக்கத்தக்கது. எடை இறங்கவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்துவோர் பலர் அல்லரோ?

இதே ஆய்வின் செலவுக் கணக்கு 2007-இல் வெளியிடப்பட்டது. ஒருவரை நீரிழிவிலிருந்து காக்க, அக்காலத்து விலையில், பழக்க மாற்றத்தின் வழி 47,341 ரூபாயும், மாத்திரையின் வழி 49,280 ரூபாயும், இரண்டையும் சேர்த்தால் 61,133 ரூபாயும் ஆயின. ஏறக்குறைய ஆறு அல்லது ஏழு பேர் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் ஒருவர் அம்மூன்றாண்டுக்குள் நீரிழிவிலிருந்து தப்புகிறார் என்பது அதன் கணக்கு. ஆலோசகர் ஊதியம் முதலியவை உட்பட ஆய்வில் கணக்கிட்ட தொகை இது. வீட்டில் தாமே முயல்பவர்க்கு ஆகும் செலவு இதனினும் குறைவாகவே இருக்கும்.

இனி உணவுக்கு வருவோம். 1918-ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் இராபர்ட் மெக்காரிசன் என்னும் ஆங்கிலேய அரசின் மருத்துவர் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சியே, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை மெக்காரிசன் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்த சென்னை மாகாணத்து உணவும் வங்காளத்து உணவும் கடைசி வரிசையில் நின்றன. குறை அரிசியில் மட்டும் இல்லை. அரிசிக்குத் துணையாக வரவேண்டியவை வாராமையே பெருங்குறை.

இதனைக் கேட்டவுடன், அரிசியை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் போதும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. முன்னே கூறிய பேராய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் உணவின் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றும், மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையையோ சிறுதானியத்தையோ உண்பதனால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்றும் அது கூறுகிறது. மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதியை விலக்கி, அவ்விடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் போன்ற புரத உணவை வைத்தவர்க்கே அபாயம் குறைந்து காணப்பட்டது. ஆகவே தட்டில் சோற்றின் இடத்தைச் சுருக்கிக் கூட்டுக்கும் சுண்டலுக்கும் கீரைக்கும் இடத்தைப் பெருக்குவதே செய்யவேண்டிய மாற்றம்.

வெளிமாநிலத் தமிழருக்கு இதில் ஒரு வாய்ப்பும் உண்டு. ஓர் அபாயமும் உண்டு. இரண்டு சமையல் மரபுகள் அவர்தம் வாயிலில் நிற்கின்றன. இரண்டிலும் நல்லவற்றைக் கொண்டால், காலையில் அடையும், பகலில் சாம்பாரும் பொரியலும், இரவில் இராஜ்மாவோ முளைகட்டிய பயறோ வெந்தயக் கீரையோ எனத் தட்டு வளம்பெறும். மகாராட்டிரத்துச் சோள ரொட்டி, பீகாரின் வறுத்த கடலை மாவு, பஞ்சாபின் தயிர் ஆகியவை விலை மலிந்தனவும் சத்து மிகுந்தனவும் ஆகும். இரண்டிலும் தீயவற்றைக் கொண்டால், மூன்று வேளையும் வெள்ளை அரிசிச் சோறும் இட்டிலியும், மாலையில் சமோசாவும் ஜிலேபியும், இடையிடையே ஊரிலிருந்து வந்த முறுக்கும் அப்பளமும் ஊறுகாயும் என்று ஆகிவிடும். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாதிருக்க வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய் சாடியை மேசையிலிருந்து அலமாரிக்கு மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உணவுக்கு அடுத்தது உடலுழைப்பு. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவின் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண்டிர் நிலை ஆடவர் நிலையினும் தாழ்ந்தது. வீட்டு வேலையே போதும் என்று பெண்களிடம் கூறிவிடாமல், அவர்களும் அரைமணி நேரம் வெளியே நடந்து வருவதற்கு ஏற்ப வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வது மற்றவர் கடமை. பேருந்துக்கு ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்குவது, மின்தூக்கியை விட்டுப் படியேறுவது, உணவு இடைவேளையில் பத்து நிமிடம் உலாவுவது ஆகியவற்றுக்குக் காசு வேண்டுவதில்லை. தில்லி போன்ற நகரங்களில் குளிர்காலத்துக் காற்று மாசுற்றிருக்கும் நாட்களில் வெளிநடையைத் தவிர்த்து, வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்தல் நலம்.

இவையெல்லாம் தெரிந்தவைதாமே, செய்ய முடியவில்லையே என்பீர்கள். அதற்கும் ஆய்வில் விடையுண்டு. சென்னை ஆய்வினர் தம் மக்களுக்கு ஒருமுறை அறிவுரை கூறிவிட்டு ஒதுங்கிவிடவில்லை. மாதந்தோறும் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டினர். பின்னர் 537 ஆடவரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கைப்பேசிக் குறுஞ்செய்தி வாயிலாகவே நினைவூட்டினர். இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவருள் 27 சதவீதத்தினர்க்கும், பெற்றவருள் 18 சதவீதத்தினர்க்கும் நீரிழிவு வந்தது. தனிமனிதன் மனவுறுதி சில வாரங்களில் தளர்ந்துவிடும்; துணையும் நினைவூட்டலும் இருந்தால் அது பழக்கமாகும். ஒவ்வொரு நகரிலும் நமக்குத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். வாரம் மூன்று நாள் காலைநடைக் குழு ஒன்றையும், ஆண்டுக்கொரு முறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் ஒன்றையும் அச்சங்கங்கள் நடத்துமாயின், உற்றார் அருகில் இல்லாத குறை ஓரளவேனும் நீங்கும்.

ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். எல்லா நோயும் பழக்கத்தால் வருவதில்லை. பரம்பரையால் வருவனவும் உண்டு. நல்ல பழக்கமுடையவரும் நோயுறலாம். அதற்காக அவரைப் பழிப்பது தகாது. ஏற்கெனவே மருந்து உண்பவர் மருத்துவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது. புதிதாகப் பயிற்சி தொடங்கும் முதியோரும் இதய நோயினரும் மருத்துவரின் அறிவுரை பெறுதல் வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்பது 95-ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறட்பாக்களில் இரண்டாவது முதல் ஏழாவது வரை ஆறும் உண்ணும் அளவையும் முறையையும் பற்றியன. மருத்துவன் வருவது கடைசி மூன்றில்தான். வள்ளுவர் அமைத்த இவ்வரிசையே குடும்பக் கணக்குக்கும் ஏற்ற வரிசை. வரும் மாதக் கணக்கு எழுதும்போது, காய்கறிக்கும் பருப்புக்கும் சற்றுக் கூடுதலாக ஒதுக்குங்கள். பலகாரத்துக்கும் எண்ணெய்க்கும் அந்த அளவு குறையுங்கள். நாட்காட்டியில் நடைக்கு அரைமணி நேரம் குறித்துவையுங்கள். முப்பது வயது கடந்தவர் இரத்தச் சர்க்கரையை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இவற்றின் பயனை உங்கள் வீட்டு மருந்துப் பெட்டி சில ஆண்டுகளில் சொல்லும்.