தலைமன்னார் முதல் அட்டன் வரை: புதிய சைக்கிளோட்டிகளின் ஆயத்தம்

(சங்கத்தின் நவராத்திரி விழாவில் நிகழ்த்திய உரை)

 

"இளைஞரும் தேகப்பயிற்சியும்" என்னும் பொருளிற் பேசும்படி செயலாளர் என்னைப் பணித்தார். இப்பொருளிற் பேச எழுபவர்கள் சுவாமி விவேகானந்தர் உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சொன்னதை முதலிற் சொல்லுவது நம் மேடைகளின் வழக்கம். அது இச்சபையில் எல்லோருக்கும் மனப்பாடமாகையால் அதை விடுத்து, நம் இளைஞர் பதினொருவர் செயற்குழுவின் முன் வைத்திருக்கும் விண்ணப்பத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வழியாக அட்டன் வரை சைக்கிளிற் செல்ல அவர்கள் அனுமதி கேட்கிறார்கள். அப்பதினொருவரில் நானும் ஒருவன். எங்களில் எவரும் ஒரே நாளில் இருபது கிலோமீற்றர் ஓட்டியவரல்லர். இருவருக்குச் சொந்தச் சைக்கிளே கிடையாது.

பெரியோர் சிலர் இதனை விளையாட்டுப் புத்தி என்றார்கள். வேறு சிலர், "போய் வாருங்கள் தம்பிகளா, மலையிலே பிறந்த கால்களுக்கு இது ஒரு பொருட்டா?" என்று உற்சாகம் தந்தார்கள். என் எண்ணத்தில், தடுத்தவர்களின் பேச்சைவிட உற்சாகம் தந்தவர்களின் பேச்சே அதிக ஆபத்தானது.

இந்தப் பாதையை ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதை அதிகம் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் தோணியில் வந்து இறங்கி, காடு கடந்து, மாத்தளையை நோக்கி நடந்த வழி அது. பசியாலும் பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டவர்களுக்குச் சமாதியும் இல்லை, பெயரும் இல்லை. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரயிலும் இணைந்தன. மலையகத்தார் வந்த இருநூறாம் ஆண்டின் நினைவாக, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலே தொடங்கி, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையிலே முடிந்த பாதயாத்திரையில் நம் பகுதியினர் பலர் கலந்துகொண்டார்கள். பதினாறு நாளில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர். அன்று நடக்க வயதும் வாய்ப்பும் இல்லாதிருந்தவர்கள் இன்று சைக்கிளிற் போக விரும்புகிறோம். மாத்தளையோடு நில்லாமல் நம் வீட்டுவாசல் வரைக்கும்.

இனி, மலையிலே பிறந்த கால்களைப் பற்றி. நம் தாய்மார் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறும் மலையில் வெளியூரார் ஒருவர் வெறுங்கையோடு ஏற மூச்சு வாங்குவார்; அதிலே சந்தேகமில்லை. ஆனால் நடக்கிற காலும் மிதிக்கிற காலும் ஒன்றல்ல. சைக்கிளிலே பாரம் முன்தொடையில் விழுகிறது. கழுத்தும் முதுகும் உள்ளங்கையும் மணிக்கணக்காக ஒரே நிலையில் இருக்கின்றன. ஆசனத்திற் பழகாதவன் மூன்றாம் நாள் உட்காரவே அஞ்சுவான். யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டி வீட்டிலொரு பிள்ளைபோல. 1990களிலே எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது நோயாளியும் நெல்மூட்டையும் விறகுக்கட்டும் அதிலேதான் போயின. நம் தோட்டத்திலோ, லயத்து வாசலிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கவே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆகவே நாம் புதியவர்கள். அதை ஒப்புக்கொண்டு தொடங்குவதிலே வெட்கமென்ன இருக்கிறது?

புதியவர்களால் முடியாது என்றும் நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்தில், 1991ஆம் ஆண்டிலே அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னின்றார். கல்லுடைக்கும் பெண்கள், களத்துமேட்டுப் பெண்கள், கிராமத் தாதிகள் என்று 70,000 பேருக்கு மேல் பொதுமக்கள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாமையால் ஆண்கள் சைக்கிளிலேயே கற்றார்கள். முன்குழாயிலே குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே பின்னர் விரும்பியவர்களும் உண்டு. எங்கள் விண்ணப்பத்திலே பெண்பிள்ளைகள் மூவர் கையெழுத்திட்டிருப்பதைக் கண்டு முகஞ்சுளித்த பெரியோர்களுக்கு இச்செய்தியை மரியாதையோடு சமர்ப்பிக்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு காலம் வேண்டும்? எங்களில் ஒருவர் "ஒரு மாதம் போதும்" என்கிறார். பிரான்ஸ் தேசத்தில் பாரிஸிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று 1891ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை உண்டு. 90 மணி நேரத்துக்குள் முடித்தாற் போதும். முதலிடம், இரண்டாமிடம் என்பது இப்போது அதிலே கிடையாது. அதிற் சேர விரும்புகிறவர் அதே ஆண்டிலே 200, 300, 400, 600 என்று நான்கு ஓட்டங்களை முடித்துக் காட்ட வேண்டும். படி ஏறாதவனுக்கு மாடி இல்லை என்பது அவர்கள் சட்டம். நமக்கும் அதுவே ஏற்றது என்று நினைக்கிறேன்.

கணக்கைக் கேளுங்கள். ஞாயிறு தோறும் ஒரு நீண்ட ஓட்டம், வாரநாளில் இரண்டு சிறிய ஓட்டம். முதல் ஞாயிறு 15 கிலோமீற்றர். அதன்பின் வாரத்துக்குப் பத்திலொரு பங்கு மட்டும் கூட்டிச் சென்றால், பதினான்கு முறை கூட்டியபின் 57 கிலோமீற்றருக்கு வந்துவிடுவோம். மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைத்து உடம்பை ஆறவிட வேண்டும். அதனோடு பதினெட்டு, பத்தொன்பது வாரம் ஆகும். எங்கள் பாதையோ மொத்தம் 300 கிலோமீற்றருக்கு மேல். ஆறு நாளில் போவதானால் நாளொன்றுக்கு 50, 60. ஒருநாள் 60 ஓடுவது கடினமன்று. மறுநாட் காலையில் மீண்டும் ஆசனத்தில் ஏறுவதே கடினம். ஆகையால் கடைசிச் சோதனையாகச் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து 50 ஓடிக் காட்டாதவர் தலைமன்னாருக்கு இரயில் ஏறக்கூடாது. இவ்விதிக்கு நானும் அடக்கம்.

எங்கே பழகுவது? தோட்டத்து ரோட்டில் அல்ல. அதிலே பத்து நிமிடம் ஏறினாற் புதியவனுக்கு வெறுப்பே மிஞ்சும். காசல்றீ நீர்த்தேக்கக் கரையோர ரோட்டிலே தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பாதை வளைந்து வளைந்து போகிறது, ஏற்றம் குறைவு. நுவரெலியா நண்பர்களுக்குக் கிரெகரி வாவியைச் சுற்றிய வழி உண்டு. மிதிப்பது நிமிடத்துக்கு எழுபது, எண்பது சுற்று இலேசாக இருக்க வேண்டும். புதியவர்கள் பாரமாக, மெதுவாக மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. மிஷன் பாடசாலையில் நீள ஓட்டம் பழக்கிய ஆசிரியர் எங்களைத் தேவாரம் பாடிக்கொண்டு ஓடச் சொல்வார், அவரோ கிறிஸ்தவர்!

சைக்கிளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சாதாரண சைக்கிளில் முன்சக்கரப் பல் 44, பின் பல் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மிதித்தால் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் ஓடும். மன்னார்ச் சமவெளிக்கு அது போதும். முன் 28, பின் 32 பல் உள்ள கியர் சைக்கிளிலே சின்னக் கியரில் ஒருமுறை மிதித்தால் இரண்டு மீற்றர்கூட நகராது. ஆனால் வேண்டிய பலம் மூன்றிலொன்றே. பிரான்ஸ் தேசப் பெரும் பந்தயத்தில் 1910ஆம் ஆண்டிலே பிரனீஸ் மலையில் வீரர்களை ஏற்றியவர்கள் 1937ஆம் ஆண்டு வரை இந்தக் கியர் மாற்றும் கருவியை அனுமதிக்கவில்லை. வீரம் குறைந்துவிடுமாம்! பந்தயக்காரர் அப்படி இருக்கட்டும். நாவலப்பிட்டியிலிருந்து கினிகத்தேனை, வட்டவளை வழியாக அட்டன் ஏறும்போது நாம் ஏறக்குறைய 700 மீற்றர் உயர வேண்டும். அதுவும் ஆறாம் நாள், களைத்த காலோடு. அந்த இடத்திலே இறங்கித் தள்ளிக்கொண்டு வருபவரை ஒருவரும் கேலி செய்யலாகாது என்று இப்போதே தீர்மானித்துக்கொள்வோம். தள்ளி வருவதும் வருவதுதான்.

ஏற்றத்திலே சோர்வுதான் வரும். உயிர் போவது இறக்கத்திலே. 2023ஆம் ஆண்டு சனவரி 20ஆம் திகதி நானுஓயா இறக்கத்திலே பேருந்து மோதி ஏழு பேர் மாண்டதை நாம் மறக்கவில்லை. சைக்கிளுக்கும் அதே மலை, அதே வளைவு. பிரேக்கை இறக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு சூடேறும். வளைவுக்கு முன் அழுத்திக் குறைத்து, பின் விட்டு ஆறவிட வேண்டும். மழையில் நனைந்த விளிம்பிலே கட்டை முதலில் வழுக்கிப் பிறகே பிடிக்கும். ஆகவே இருமடங்கு தூரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். மூடுபனியில் முன்னும் பின்னும் விளக்கு. தலைக்கவசம் இல்லாதவர் இல்லை. மேற்சட்டையிற் சங்கத்தின் பெயரைச் சிவப்பில் அச்சிடுவதா, நீலத்தில் அச்சிடுவதா என்று இரண்டு கூட்டம் விவாதித்தோம். பிரேக் கட்டையைப் பற்றி இதுவரை ஒரு கூட்டமும் இல்லை. ஆயுத பூசைக்குச் சைக்கிளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம் அல்லவா? இம்முறை சந்தனம் இடுமுன் கட்டையைக் கழற்றிப் பார்ப்போம்.

சாப்பாட்டைப் பற்றித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. உடம்பிலே சேர்ந்திருக்கும் மாச்சத்து, கடுமையாக உழைத்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்திலே தீரும். அதன்பின் கை நடுங்கும், கண் இருளும். பசித்த பிறகு உண்பது பயன்படாது. முக்கால் மணிக்கொருமுறை வாழைப்பழமோ, பனங்கட்டியோ, ரொட்டித் துண்டோ வாயிற் போட வேண்டும். வெறுந்தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். ஜீவனிப் பொட்டலம் பையில் இருக்கட்டும். இன்னொன்று: சோற்றோடு தேயிலைச் சாயம் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பிற் சேர்வது குறையும். இரத்தம் குறைந்த பெண்பிள்ளைகள் நம்மிடையே பலர் உண்டு. தேயிலையாலே வாழும் நாம் அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் தேயிலை கோபித்துக்கொள்ளாது. பயணம் புறப்படுமுன் எல்லோரும் வைத்தியரிடம் காட்டி இரத்தம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் யோசனை. மிகையாக உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகையாக உறங்குபவனுக்கும் விழித்தே இருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்று பகவான் கீதையின் ஆறாம் அத்தியாயத்திலே சொல்லுகிறார், சைக்கிளுக்கும் பொருந்துகிறது.

எந்த மாதம் போவது? ஒக்டோபர் முதல் சனவரி வரை வடக்கிலே மழையும் வாடையும். மே முதல் செப்டெம்பர் வரை அட்டன் பக்கம் மழை. மன்னாரிலே சோழகக் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஏப்ரலில் வெயில் தாளாது. பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சுத் தொடக்கமும்தான் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நல்ல காலம். அப்போதும் குளிரிலே பழகிய நமக்கு மன்னார் வெயில் கடுமையே. வெயிலுக்கு உடம்பு இசையப் பத்து நாளாவது வேண்டும். அதை நுவரெலியாவில் இருந்துகொண்டு சம்பாதிக்க முடியாது. ஆகவே இரண்டு நாள் முன்பே போய்த் திருக்கேதீச்சரத்திலே தரிசனம் செய்து தங்கி, காலையிலும் மாலையிலும் சிறிது ஓடிப் பார்ப்போம். பயண நாளிலே பதினொரு மணிக்கு நிறுத்தி மூன்று மணிவரை நிழலில் இருக்க வேண்டும். அதற்காக இருட்டோடு புறப்படலாமென்றால், மதவாச்சிப் பக்கத்திலும் அனுராதபுரப் பக்கத்திலும் யானை உண்டு. விடிந்த பின்னரே சக்கரம் உருள வேண்டும். முதல் நான்கு நாள் இந்த ஒழுங்கிலே போனால் மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியை அடைந்துவிடலாம். அதன்பின் கண்டி, கம்பளை. பிறகு நம் மலை.

செலவைப் பற்றிப் பொருளாளர் தனியே சொல்வார். புதுச் சைக்கிள் பதினொன்று வாங்குவதென்பது தோட்டத்துச் சம்பளத்திலே நடக்கிற காரியமல்ல. நான்கு கியர் சைக்கிள் சங்கத்துக்கு வாங்கி, பயிற்சிக்கு முறைவைத்து ஓட்டி, மற்றவற்றை இரவலாகப் பெறுவதே வழி. தங்கள் வீட்டிலே ஓட்டாமல் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிளைப் பெரியோர்கள் தந்தால் பழுதுபார்க்கும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். விண்ணப்பத்துக்கு இன்றே அனுமதி தரும்படியும் கேட்கவில்லை. பயிற்சிக்கு மட்டும் அனுமதி தாருங்கள். யார் போவது என்பதைத் தை மாதத்திலே, அந்த இரண்டு நாட் சோதனையைப் பார்த்துச் செயற்குழு முடிவு செய்யட்டும்.

விஜயதசமி வித்தியாரம்பத்துக்கு உகந்த நாள். அதை அடுத்து வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்குக் காசல்றீக் கரையிலே முதற் பதினைந்து கிலோமீற்றர். பிற்பகலில் இடியும் மழையும் வரும் காலமாகையால் நேரத்துக்கு வரவும். ஆசனத்தின் உயரத்தை அங்கேயே சரிபார்ப்போம்: குதிகாலைப் பெடலில் வைத்து, அது கீழே போகும்போது முழங்கால் நேராக வேண்டும். சங்கத்திடம் காற்றடிக்கும் பம்பு ஒன்றுதான் இருக்கிறது; இன்னொன்று உள்ளவர்கள் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.