ஒரே குலம், வேறு குணம்



ஒரே பாலை இரண்டு வீடுகளில் காய்ச்சி, வெவ்வேறு உறைமோர் ஊற்றினால், ஒரு வீட்டுத் தயிர் இனிப்பதும் மறு வீட்டுத் தயிர் புளிப்பதும் உண்டு. உறையிலுள்ள நுண்ணுயிர் வேறு. ஆகவே குணமும் வேறு.

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு தயிர் நுண்ணுயிர்களின் மரபணுத் தொகுதிகளை அருகருகே வைத்து ஒப்பிட்ட ஃபின்லாந்து விஞ்ஞானிகள், குடலில் பற்றிக்கொள்ள உதவும் மெல்லிய இழைகளை ஆக்கும் மரபணுக்கள் ஒன்றிடம் இருப்பதையும், மற்றதனிடம் இல்லாதிருப்பதையும் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இனம் ஒன்று, குணம் வேறு.

அதற்கு முந்திய ஆண்டு வெளியான நியூசிலாந்து ஆராய்ச்சி ஒன்றில், நம் ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் கர்ப்பிணிகளுக்கும், பின்னர் அவர்களுடைய சிசுக்களுக்கும், எச்.என். 001, எச்.என். 019 என்ற இரண்டு நுண்ணுயிர்களுள் ஒன்றோ, வெறும் போலி மருந்தோ கொடுத்துப் பார்த்தார்கள். முதலாவது, இரண்டு வயதுக்குள் வரும் கரப்பான் நோயை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது, இரண்டாவது குறைக்கவில்லை. இரண்டுமே நன்மை செய்வன என்று பெயர் பெற்றவைதாம்!

ஆதலால், கடையில் யோகர்ட் டப்பாவைக் கையிலெடுக்கும்போது, ‘நல்ல நுண்ணுயிர் உள்ளது’ என்ற பொது விளம்பரத்தோடு திருப்தி அடையாமல், எந்த நுண்ணுயிர் என்று எழுத்தும் எண்ணுமாக அதன் முழுப்பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.