மூன்று பாட்டில் தண்ணீர்



இந்தப் பட்டமளிப்பு மேடையில் வழக்கமாகச் சொல்லப்படுவது தனிமனிதர்களின் வெற்றிக்கதை. இன்று சொல்லப்போவது ஓர் ஊரின் குழாய்த் தண்ணீரைப் பற்றி. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்கள், மருத்துவமும் பொதுச்சுகாதாரமும் படித்தவர்கள், கணினி அறிவியல் படித்தவர்கள் எனத் தனித்தனி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூன்று துறையினரும் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். அவற்றில் இரண்டில் மாணவர்களின் கையும் இருக்கிறது.

ஊரின் பெயர் ஃபிளின்ட். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பிறந்த ஊர். ஒருகாலத்தில் இரண்டு லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை, ஆலைகள் மூடியபிறகு ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. நகராட்சியின் கஜானா காலி; மாநில அரசு அனுப்பிய நெருக்கடிகால நிர்வாகி ஒருவர்தான் எல்லா முடிவும் எடுப்பவர். டெட்ராய்ட்டிடமிருந்து ஹூரான் ஏரித் தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்த 2014 ஏப்ரல் 25 அன்று ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள்.

ஆற்றுத் தண்ணீரில் குளோரைடு அதிகம், குழாயை அரிக்கும். டெட்ராய்ட் தண்ணீரில் பாஸ்பேட் கலந்திருக்கும். அது குழாயின் உட்சுவரில் படலமாகப் படிந்து, உலோகம் தண்ணீரில் இறங்காமல் காக்கும். புதிய ஏற்பாட்டில் பாஸ்பேட்டைச் சேர்க்கவே இல்லை. பல ஆண்டுகளாகப் படிந்திருந்த படலம் கரைந்தது. பழைய வீடுகளுக்குப் போகும் காரீயக் குழாய்கள் தண்ணீருக்குள் ஈயத்தை விட ஆரம்பித்தன. (நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம்.) காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடம்பில் இவ்வளவு இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது.

அதே ஆண்டு அக்டோபரில், ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சின் ஆலை இந்தத் தண்ணீர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டது. பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்பது காரணம். எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளாத தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கலாம் என்று அதிகாரிகள் அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லீஆன் வால்டர்ஸ் என்ற தாய் அதை நம்பவில்லை. பிள்ளைகளுக்குத் தோலில் தடிப்பு, தலைமுடி உதிர்வு. அவர் வீட்டுத் தண்ணீரை 2015 வசந்தத்தில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியரின் ஆய்வகம் சோதித்தது. அப்போதைய அமெரிக்க விதிப்படி, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் ஈயத்தைத் தாண்டினால் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். வால்டர்ஸ் வீட்டு மாதிரி ஒன்றில் 13,200 இருந்தது. அபாயக் கழிவு என்று வகைப்படுத்த 5,000 போதும்.

ஒரு வீட்டை வைத்து ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்த வீட்டுக் குழாயில்தான் கோளாறு என்று தள்ளிவிடலாம், அப்படித்தான் தள்ளினார்கள். ஊர் முழுக்க மாதிரி எடுக்க வேண்டும். பல மைல் தொலைவில் வேறொரு மாநிலத்தில் இருக்கும் எட்வர்ட்ஸின் மாணவர்கள் அதற்காக 300 சோதனைப் பெட்டிகளைத் தயார்செய்தார்கள். இந்தியாவிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்குப் போயிருந்த சித்தார்த்த ராய் அவர்களில் ஒருவர்.

பெட்டிக்குள் மூன்று பாட்டில்கள். ஒரு லிட்டர், அரை லிட்டர், 125 மில்லி. குறைந்தது ஆறு மணி நேரம் குழாயைத் திறக்காமல் வைத்திருந்து, திறந்ததும் வருகிற முதல் தண்ணீரைப் பெரிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். 45 விநாடி ஓடவிட்டு அடுத்தது. இரண்டு நிமிடம் ஓடவிட்டு மூன்றாவது. முதல் பாட்டில் வீட்டுக்குள் இருக்கும் குழாயைக் காட்டிக்கொடுக்கும்; அடுத்தவை தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பைக் காட்டிக்கொடுக்கும். அரசுத் தரப்புச் சோதனையில் வேறு மாதிரி சொல்லியிருந்தார்கள்: முந்தின நாள் இரவே சில நிமிடங்கள் குழாயைத் திறந்து ஓடவிட்டு மூடிவிடுங்கள். அப்படிச் செய்தால் தேங்கிய ஈயத்தில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும்; மறுநாள் பாட்டிலில் பிடிப்பது கழுவிவிட்ட குழாயின் தண்ணீர். சுற்றுச்சூழல் அறிவியல் மாணவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கருவி எத்தனை கோடி ரூபாய் விலையானாலும், முதல் நாள் இரவு குழாயைத் திறந்தது யார் என்று அதற்குத் தெரியாது.

பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்ப வாங்கி அனுப்பியவர்கள் ஃபிளின்ட் மக்கள்தான். 300இல் 250க்கும் மேற்பட்டவை முறையாக நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தன. தபாலில் கருத்துக்கணிப்புப் படிவம் அனுப்பிப் பார்த்த எந்த ஆராய்ச்சியாளருக்கும் இந்தக் கணக்கின் அருமை புரியும். மாதிரிகளை ஏறுவரிசையில் அடுக்கினால் 90ஆவது சதவீதத்தில் நிற்கும் எண் 15ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. மாணவர்களின் கணக்கில் அது 25ஐயும் தாண்டி நின்றது. அரசின் கணக்கில் 11. அந்த 11 எப்படி வந்தது? கையிலிருந்த 71 மாதிரிகளில் இரண்டை, 15ஐத் தாண்டிய இரண்டை, விதிமுறைக்குப் பொருந்தவில்லை என்று நீக்கியிருந்தார்கள். அதில் ஒன்று வால்டர்ஸ் வீட்டுடையது.

நம் ஊர் ஆர்.டி.ஐ. போல அங்கும் தகவல் கேட்கும் சட்டம் உண்டு. அதன்படி மனுப்போட்டு, அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களையும் இந்தக் குழு வாங்கிப் படித்தது. முடிவுகளை ஆய்விதழில் அச்சாகும்வரை பூட்டி வைக்காமல் உடனுக்குடன் இணையத்தில் வெளியிட்டார்கள். போகிற இடமெல்லாம் ஈயம் கண்டுபிடிக்கிறவர்கள் இவர்கள் என்று மாநில அரசின் தரப்பில் ஏளனம் செய்தார்கள்.

தண்ணீரில் ஈயம் இருக்கிறது, சரி. குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா? இங்கேதான் மருத்துவம் வருகிறது. ஃபிளின்ட்டின் ஹர்லி மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா. குடிநீர்த் துறையில் வேலைபார்த்த பள்ளித்தோழி ஒருத்தி, 2015 ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது, உங்கள் ஊர்த் தண்ணீரில் அரிப்புத்தடுப்பே இல்லை தெரியுமா என்று சொன்னாள். மோனாவின் மருத்துவமனையில் குழந்தைகளின் ரத்தப் பரிசோதனை விவரமெல்லாம் கணினியில் இருந்தது. தண்ணீர் மாறுவதற்கு முன்னும் பின்னும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் அளவுகளை எடுத்து ஒப்பிட்டார்.

மாநில சுகாதாரத் துறையிடமும் இதே விவரம் இருந்தது. பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை என்றார்கள்.  கோடு போட்ட இடம் தப்பு. அஞ்சல் குறியீட்டு எண்ணை வைத்து ஊரைப் பிரித்திருந்தார்கள். ஃபிளின்ட் என்று முகவரியில் எழுதுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நகர எல்லைக்கு வெளியே இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கு ஃபிளின்ட் தண்ணீர் வரவேயில்லை. அந்தக் குழந்தைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏற்றம் மங்கத்தான் செய்யும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லர் ஒவ்வொரு குழந்தையின் முகவரியையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்து, அந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குப் போனது என்று பிரித்தார். படம் மாறியது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் உள்ள குழந்தைகள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். தண்ணீர் மிக மோசமாக இருந்த வட்டாரங்களில் 4 சதவீதத்திலிருந்து 10.6.

கட்டுரை 2016இல்தான் ஆய்விதழில் அச்சானது. மோனா அதற்குக் காத்திருக்கவில்லை. 2015 செப்டம்பர் 24 அன்றே, கையிலிருந்த முதற்கட்டக் கணக்கோடு பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். சக ஆய்வாளர்கள் பார்த்துச் சரிசொல்லாத ஆய்வை மேடையில் சொல்லலாமா என்று உங்கள் வழிகாட்டிகள் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் பால்பவுடரை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களை நினைத்தால், அந்த மருத்துவர் செய்ததே சரி. அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். பிறகு தங்கள் கணக்கைத் திரும்பப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அக்டோபர் 16 அன்று ஊர் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பியது.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை கதை இங்கே முடிந்துவிட்டது. கணினி மாணவர்களுக்கு இங்கேதான் ஆரம்பம். கெட்டுப்போன குழாய்களைத் தோண்டி எடுத்து மாற்ற வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தக் குழாய்? நகராட்சியிடம் இருந்தவை கையால் எழுதிய ஆயிரக்கணக்கான அட்டைகளும், ஓரத்தில் குறிப்பெழுதிய பழைய வரைபடங்களும். அவற்றை ஃபிளின்ட்டிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழக வளாகத்தில் கணினிக்குள் ஏற்றினார்கள். ஏற்றிய பிறகும் நம்ப முடியவில்லை. தாமிரம் என்று அட்டை சொன்ன இடத்தில் தோண்டினால் காரீயம், அல்லது ஜி.ஐ. பைப்.

அதே பல்கலைக்கழகத்தின் ஆன் ஆர்பர் வளாகத்தில் ஜேக்கப் அபர்நெதி, எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்களோடு, அங்கே தரவு அறிவியலில் ஆர்வம்கொண்ட மாணவர் சங்கத்தினர் 2016இல் இதில் இறங்கினார்கள். வீடு கட்டிய வருடம், மதிப்பு, இருக்குமிடம், பழைய அட்டையில் உள்ள குறிப்பு, ஏற்கெனவே தோண்டிய இடத்தில் கண்டது என எல்லாவற்றையும் போட்டு, எந்த வீட்டில் காரீயக் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணிக்கும் கணினி மாதிரியைச் செய்தார்கள். தோண்டத் தோண்டக் கிடைக்கும் விவரம் மறுபடி அதற்குள் போகும், கணிப்பு கூர்மையாகும். 2017இல் 8,833 வீடுகளைப் பார்த்து 6,228 வீடுகளில் குழாயை மாற்றினார்கள். பத்தில் ஏழு குழிகள் வீண்போகவில்லை.

2018இல் வேலையை மேற்பார்வையிட ஒரு பெரிய பொறியியல் நிறுவனம் வந்தது. மாதிரி ஓரங்கட்டப்பட்டது. எதிர்வீட்டில் தோண்டினார்கள், என் வீட்டில் ஏன் தோண்டவில்லை என்று கேட்டவர்களுக்குப் பதிலாக, வரிசையாக எல்லா வீட்டிலும் தோண்டுவது என்று ஆனது. டிசம்பர் நடுவில் கணக்குப் பார்த்தபோது 10,531 வீடுகளில் தோண்டி, 1,567 வீடுகளில்தான் காரீயக் குழாய் கிடைத்திருந்தது. நூற்றுக்குப் பதினைந்து.

அதே 2018 ஆகஸ்டில் லண்டனில் நடந்த, தரவு அறிவியலுக்கான கே.டி.டி. மாநாட்டில் இந்த மாதிரியைப் பற்றிய கட்டுரைக்குச் சிறந்த மாணவர் கட்டுரை விருது கிடைத்தது. விருது லண்டனில், மாதிரி ஃபிளின்ட்டில் மூலையில். கணினி படித்த பட்டதாரிகள் அந்த ஆண்டின் இரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டைக் காட்டிக் கேட்ட அந்த மனிதர் முட்டாள் இல்லை. ஒன்றரை வருஷம் அரசு சொன்னதை நம்பி விஷம் குடித்தவர், கம்ப்யூட்டர் உங்கள் வீடு நல்ல வீடு என்கிறது என்றால் எப்படி நம்புவார்? அவரிடம் உட்கார்ந்து விளக்குவதும் அந்த வேலையின் பகுதிதான். அதற்கு எந்த மாநாட்டிலும் விருது இல்லை. கடைசியில் 2019இல் நீதிமன்றத்தின் ஒப்புதலோடு வந்த உடன்பாடு மாதிரியை மீண்டும் பயன்படுத்த வைத்தது. ஏறக்குறைய 11,000 காரீயக் குழாய்களை மாற்றி முடித்துவிட்டதாக 2025 ஜூலையில் மிச்சிகன் அரசு அறிவித்தது.

எல்லாம் சுபம் என்றும் சொல்வதற்கில்லை. எட்வர்ட்ஸுக்கும் அவரோடு வேலைசெய்த ஆர்வலர்கள் சிலருக்கும் பின்னாளில் மனக்கசப்பு முற்றி, 2018இல் அவர் அவதூறு வழக்கே போட்டார், அது தள்ளுபடியானது. ஊர் மக்கள் பலர் இன்னும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிறார்கள்.

பட்டதாரிகளே, உங்களில் பலரும் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்காக ஏதோ ஒரு ஊரில் கிணற்றுத் தண்ணீர் எடுத்திருப்பீர்கள். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்திருப்பீர்கள். யாருடைய விவரத்தையோ வைத்து ஒரு நிரல் எழுதியிருப்பீர்கள். கெட்டி அட்டை போட்டு, முதுகில் பொன்னெழுத்து அச்சடித்து, நாலு பிரதி கொடுத்து, வைவாவும் முடிந்திருக்கும். அந்தக் கிணற்றுக்காரருக்கு அவர் தண்ணீரில் என்ன இருந்தது என்று யாராவது சொன்னீர்களா? இந்தியத் தரநிர்ணயப்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் இப்படி எண்கள் உண்டு. உங்கள் அட்டவணையில் அந்த எண்ணைத் தாண்டிய வரி ஏதாவது இருந்தால், அந்த வீட்டின் முகவரியும் உங்கள் நோட்டில்தான் இருக்கிறது. வேலையில் சேர ஊரைவிட்டுக் கிளம்பும் முன், ஒருநாள் ஒதுக்கி, அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் அவர்களுடைய பேச்சிலேயே பதில் சொல்லுங்கள். அப்படியே பஞ்சாயத்துக்கும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.