கயிற்றின் உள்ளும் புறமும்



சுவிற்சர்லாந்தின் கிழக்கே, மலைச்சாரல்களின் நடுவே அப்பென்செல் என்றொரு சிற்றூர் உளது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்னும் மாநிலத்துக்கு அதுவே தலைநகர். அம்மாநிலத்தின் மக்கள் தொகை ஏறக்குறைய 16,000 மாத்திரமே. ஆண்டுதோறும் பெரும்பாலும் ஏப்பிரல் மாதக் கடைசி ஞாயிறன்று, வாக்குரிமையுடைய குடிமக்கள் ஊர்ச் சதுக்கத்தில் வெட்டவெளியிற் கூடுகின்றனர். ஆட்சித் தலைவரைத் தெரிவதும், சட்டங்களை ஏற்பதும் தள்ளுவதும் அங்கேதான். வாக்குப் பெட்டியில்லை, கையை உயர்த்தினாற் போதும். மேடையில் நிற்பவர் கண்ணளவாற் பெரும்பான்மையை மதித்துரைப்பார். ஐயம் எழுந்தால் மட்டுமே எண்ணுவர்.

சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பர். என்போன்ற வழிப்போக்கர் அதற்கு வெளியே நின்று பார்க்கலாம். ஆடவர் பலர் இடையிலே வாள் தரித்து உள்ளே செல்வர். அவ்வாளே அவர் வாக்காளர் என்பதற்கு அத்தாட்சி. இடாப்புக்களோடு மல்லாடும் நமது தேர்தல் அலுவலர் கண்டாற் பொறாமை கொள்வர்!

மனத்தைக் கவரும் காட்சிதான். ஆயினும், கடன் கொடுத்தவனும் பட்டவனும், முதலாளியும் வேலையாளும் அருகருகே நிற்குமிடத்தில் உயர்த்திய கை முற்றிலும் தன் வசமுள்ள கையாகுமா? எண்ணியதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவே குடிமகனுக்கு அழகு என்பர் அவ்வழக்கத்தைப் போற்றுவோர். நான் இரகசிய வாக்கின் பக்கமே நிற்பேன்.

இதனினும் பெரிய வினா, கயிற்றுக்குள்ளே நிற்பவர் யார் என்பது. சுவிற்சர்லாந்துப் பெண்கள் நாடளாவிய தேர்தல்களில் வாக்குரிமை பெற்றது 1971ஆம் ஆண்டிலேதான். இம்மாநிலத்து ஆடவரோ, தம் மாநில விவகாரங்களிற் பெண்களுக்கு இடமளிக்க 1990 ஏப்பிரலிலும் கைதூக்க மறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் தலையிட்டது. மாநில அரசியலமைப்பில் வரும் குடிமக்கள் என்ற சொல் பெண்களையும் குறிக்கும் என்று அது தீர்ப்பளித்தது. சட்டத்தில் ஓரெழுத்தும் மாறவில்லை. வாசித்த முறைதான் மாறிற்று. 1991இல் பெண்கள் வாக்காளர் அட்டையுடன் சதுக்கத்தினுள் நுழைந்தனர்.

நமது தீவிலே டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் 1931ஆம் ஆண்டிலேயே பெண்கள் வாக்களித்தனர். அறுபது ஆண்டு முந்திவிட்டோம் என்று நாம் மகிழலாம். ஆனால், நாமும் ஒரு கயிறு கட்டினோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை வெளியே நிறுத்தின. 1947இல் தமக்கெனப் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், 1952இல் வாக்குச் சாவடிக்குச் செல்ல வழியற்றிருந்தனர். வாக்காளர் இடாப்பிற் பெயரைச் சேர்க்கக் கோரிய வழக்கொன்று இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அச்சட்டங்கள் செல்லும் என்று 1953இல் அங்கே தீர்ப்பாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரு அரசாங்கங்களும் அம்மக்களைத் தொகை பிரித்துக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும். அவர்கள் விருப்பத்தை அறிய எந்தச் சதுக்கத்திலும் எவரும் கூட்டம் கூட்டவில்லை.

நாடற்றோராய் இங்கே எஞ்சியிருந்தவர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. 1947இல் தமது 21ஆம் வயதில் வாக்களித்து, பின்பு எந்நாட்டுரிமையும் இன்றி வாழ்ந்த ஒருவருக்கு அப்போது வயது 77.